இரண்டாவது கையெழுத்து

பழுது பார்த்த விமானம் முதன்முதலாகப் பறக்கும்போது, வேலையைச் செய்து முதல் கையெழுத்து வைத்தவனும் அதில் ஏற வேண்டும். மட்டக்களப்பு வாவிக்கரையில் உள்ள எங்கள் சிறிய பழுதுபார்க்கும் கூடத்தின் வழக்கம் அது. அன்று ஏறியவன் நான்.

வாவிக்கு மேலே எழும்பியதும் என் கதவுப் பக்கம் ‘டக் டக்’ என்று ஏதோ அடிக்கத் தொடங்கியது.

“என்ன சத்தம்? திரும்பிப் போயிருவம்” என்றார் விமானி.

விமானத்தைத் திருப்பும் கம்பிகளைத்தான் நான் மாற்றியிருந்தேன். அந்த வேலையை இன்னொருவர் தனியாகச் சோதித்து, இரண்டாவது கையெழுத்து வைக்க வேண்டும் என்பது விதி. வைத்தவன் என் மனைவியின் தம்பி. வைக்கும்போது அவன் சொன்னது இப்போதுதான் உறைத்தது.

“நீங்க பாத்தா நான் பாத்த மாதிரித்தானே, அத்தான்.”

அப்போது அந்த மரியாதை இனித்தது. இப்போது விமானம் சரிந்து திரும்ப, கண்ணை மூடிக்கொண்டேன்.

இறங்கிப் பார்த்தால், என் இருக்கைப் பட்டியின் நுனி கதவுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அதுதான் அடித்திருக்கிறது. விமானி விழுந்து விழுந்து சிரித்தார். நான் கூடத்துக்குள் போய் டோர்ச்சை எடுத்து வந்தேன்.

மைத்துனனிடம் டோர்ச்சை நீட்டினேன்.

“மூடியக் கழட்டி ஒவ்வொரு கம்பியாப் பாரு. நான் செஞ்ச வேலையெண்டு நினைக்காத.”

“என்னத்தான், உங்களையே சந்தேகப்படச் சொல்றீங்களா?”

“ஓம்.”

முகம் சுருங்கினாலும் குனிந்து பார்த்தான். எல்லாம் சரியாகவே இருந்தது.

இன்றுவரை அவன் என் வேலையை நம்புவதில்லை. அந்தத் தைரியத்தில்தான் நான் விமானம் ஏறுகிறேன்.