மூச்சைக் கேட்டிருந்த மாதங்கள்

என் கணவருக்கு நெஞ்சு வலி வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, அல்லாஹ்வின் உதவியால் வீடு திரும்பிய பிறகுதான் எனக்கு மறதி தொடங்கியது. அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாடை வரும்வரை, அதை வைத்ததே நினைவில் இராது. ரைஸ் குக்கரில் அரிசியைப் போட்டு, சுவிட்சை அழுத்தாமல் படிப்பிக்கப் போய்விடுவேன். கல்முனைச் சந்தையில் வாங்கிய மீனை ஓட்டோவிலேயே விட்டு இறங்கினேன். தொழுகையில் இது இரண்டாவது ரக்அத்தா மூன்றாவதா என்று தடுமாறி, அநேகமாக எல்லா வக்திலும் மறதிக்கான சுஜூதைச் செய்ய வேண்டியிருந்தது.

"வயசு போகுதெல்லா டீச்சர், எல்லாருக்கும் வாறதுதான்" என்று பள்ளிக்கூடத்தில் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. என் உம்மா கடைசிக் காலத்தில் என் முகத்தைப் பார்த்து, "நீங்க ஆர்ர புள்ள?" என்று மரியாதையாகக் கேட்டவர். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியாமல் போனது. அதே நோய் எனக்கும் வருகிறதென்று முடிவு கட்டிவிட்டேன். கணவரிடம் சொல்லவில்லை. நோயில் கிடந்து எழும்பிய மனிதரிடம் இதையும் எப்படிச் சொல்வது?

ஒரு நாள் லுஹர் தொழுகைக்குப் பின், அவருடைய நெஞ்சு வலிக் குளிசையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு குசினியில் அடுப்பருகே நின்றேன். கொடுப்பதற்காக எடுத்தேனா, கொடுத்துவிட்டு இன்னொன்றை எடுத்தேனா என்று தெரியவில்லை. அறைக்குப் போனேன்.

"இஞ்ச, பகல் குளிசை தந்தனா?"

"தந்த மாதிரித்தான் கிடக்கு." பேப்பரைத் தாழ்த்தினார். "இல்லாட்டி அது நேத்தா? ஒனக்கு ஞாபகம் இல்லயா புள்ள?"

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். பால், மீன், தொழுகை, உம்மா, எல்லாவற்றையும் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார். டொக்டருக்குப் போன் பண்ணினோம். அன்றைய குளிசையை விட்டுவிடச் சொன்னார். "நாளைக்கு ஒருக்கா அவட்ட போவம்" என்றார் இவர். "எனக்கில்ல, ஒனக்கு."

டொக்டர் இளம் பெண். என்ன மாதம், நேற்று என்ன கறி என்று ஏதேதோ கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

"நித்திரை எப்படி டீச்சர்?"

"நித்திர எங்க? இவர்ர மூச்சைக் கேட்டுக்கிட்டுக் கிடப்பன்."

"நேற்று இரவு இவர் எப்படி இருந்தவர்?"

சொன்னேன். எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார், எப்போது இருமினார், அது வறட்டு இருமலா சளியா, சுபஹு பாங்குக்குச் சற்று முன் மூச்சு எப்படி ஒரு தடவை இழுத்துப் பிறகு சீரானது. சொல்லச் சொல்ல என் கணவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவும் ஞாபகம் இருக்கிற ஆளுக்கு மறதி நோய் எண்டு நான் எப்படிச் சொல்ற?" என்றார் டொக்டர். "பாலை அடுப்பில வெக்கக்குள்ள உங்கட காது இவர்ர அறையில இருந்திருக்கு. வெச்சத உங்கட மனசு பார்க்கவே இல்ல. பிறகு அத எங்க போய்த் தேடுற?"

ஓட்டோவில் திரும்பி வந்தோம். வீட்டுக் கேற்றைத் திறக்கையில் அவர், "மூச்சு நிண்டா நீ கேட்டு என்ன செய்யப் போறாய்? அத அல்லாஹ் பாத்துக்குவான். நீ நித்திரையக் கொள்ளு புள்ள" என்றார்.

அன்றிலிருந்து குளிசையைத் தானே எடுத்துப் போட்டார். போட்டவுடன் "குடிச்சிட்டன்" என்று அறையிலிருந்து சத்தமாகச் சொல்வார். எனக்கும் மெல்ல மெல்ல நித்திரை வந்தது. மறதி முழுதாகப் போகவில்லை, குறைந்தது.

அதன்பின் ஒரு மாரியும் ஒரு கோடையும் இருந்தார். ஒரு நாள் நான் வகுப்பில் நிற்கும்போது போய்விட்டார்.

இத்தாவில், வெளியே போகாமல் வீட்டோடு இருந்த நாட்களில் வேறு வேலை இல்லை, நினைப்பதுதான். அவருடைய மூச்சைக் காவல் காத்த அந்த மாதங்களில் அவர் என்னோடு எவ்வளவோ கதைத்திருப்பார். மௌத்தைப் பற்றிய பயத்தைக்கூடச் சொல்லியிருக்கலாம். ஒரு சொல்லும் என்னிடம் இல்லை. இருமல் மட்டும் இருக்கிறது. நான் நித்திரை கொண்ட பிந்திய நாட்களோ அப்படியே ஞாபகத்தில் கிடக்கின்றன. கடைசி நோன்பு மாதத்தில், ரோட்டோரம் குவித்திருந்த வத்தகப்பழங்களைத் தட்டித் தட்டிப் பார்த்து, "இது பழுக்கல்ல புள்ள" என்றார். பிறகு அதையே வாங்கினார். நோன்பு திறக்க வெட்டினோம், வெள்ளையாகத்தான் இருந்தது. சீனி தூவி இரண்டு பேரும் முழுவதையும் தின்றோம்.