அக்காவின் கையில் மல்லிகை வாசம்

இந்த நினைவு மலரின் பின்னட்டையைப் பார்த்ததும், "இது யாரு?" என்று கேட்கப்போகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். முன்னட்டையில் இருப்பது எங்கள் அக்கா. அந்தப் படத்தை உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

திருமானூர்ப் பக்கம் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் அக்கா பிறந்தார். பத்தாவது வரை படித்தார். கல்லங்குறிச்சியில் கட்டிக்கொடுத்தார்கள். நாலே வருடத்தில் அத்தான் விபத்தில் போய்விட்டார். குழந்தை இல்லை. அன்றிலிருந்து அக்கா அரியலூரில் எங்கள் வீட்டோடுதான் இருந்தார். கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் ப்ளவுஸ் துணி விற்கும் வேலை. புடவையை ஒரு தடவை பார்த்தால் போதும், அதற்கேற்ற நிறத்தைத் தேடாமல் எடுத்துப் போடுவார்.

நான் சிமெண்ட் ஆலையில் தரம் பார்ப்பவன். எதையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் புத்தியை வாசலிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குள் வர எனக்குத் தெரியவில்லை.

அக்காவுக்கு எதிலும் அழகு வேண்டும். லாரிப் புழுதி படிந்த செம்பருத்தி இலைகளை ஈரத்துணியால் துடைப்பார். தயிர்சாதத்தின் மேல் நாலு மாதுளை முத்தைத் தூவித்தான் டிபன் பாக்ஸை மூடுவார். கட்டுவது சாதா காட்டன் புடவை, மடிப்பு கலையாது. பூவும் பொட்டும் இல்லாதவருக்கு இதெல்லாம் எதற்கு என்று எனக்குள் ஓர் அரிப்பு. வாயால் கேட்டதில்லை. முறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

முகூர்த்த நாட்களுக்கு முந்தைய நாள் மதியம் கடைக்கு லீவு போட்டுவிட்டு, "வாலிகண்டபுரம் சிவன் கோயிலுக்குப் போயிட்டு வரேன்டா" என்று கிளம்புவார். திரும்பி வரும்போது நெற்றியில் திருநீறு இருக்காது. கையில் மட்டும் மல்லிகை வாசம் அடிக்கும். பூ வைக்காத பெண்ணின் கையில் பூ வாசம்! புடவையில் வெள்ளை நூல் துணுக்குகள். செல்போனைக் கவிழ்த்தே வைப்பார். இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? மனைவியிடம் சொன்னேன். "அண்ணி மேலயா? ஒங்களுக்கு வேற வேலையே இல்லியா?" என்றாள். அவள் அவ்வளவு வேகமாகப் பதில் சொன்னதும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

ஒரு நாள் பின்னாலேயே போனேன். அதே பஸ்ஸில், கூட்டத்தோடு கூட்டமாகக் கடைசிப் படியில் நின்றுகொண்டேன். பெரம்பலூரில் இறங்கினார். வாலிகண்டபுரம் போகிற பஸ் கிளம்பத் தயாராக நின்றது, ஏறவில்லை. ஒரு சந்துக்குள் நடந்து பியூட்டி பார்லர் ஒன்றுக்குள் நுழைந்தார். எதிர் டீக்கடையில் அரை மணி நேரம் நின்றேன். ஆண்கள் யாரும் வரவில்லை. அதுவும் ஒரு தந்திரமாகவே எனக்குப் பட்டது. விறுவிறுவென்று உள்ளே போய்விட்டேன்.

முன்னறையில் ஒரு கல்யாணப் பெண்ணின் தாயார் உட்கார்ந்திருந்தார். திரையை விலக்கினேன். பின்னறைத் தரையில் அக்கா, மடியில் நீளமான அட்டை. மல்லிகை மொட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அதன் மேல் ஊசியால் தைத்துக்கொண்டிருந்தார். நடுவில் ரோஜா இதழ்களை மடித்து வைத்திருந்தார். மணப்பெண்ணின் பின்னலில் வைத்துக் கட்டுகிற ஜடை.

அதோடு திரும்பி வந்திருக்க வேண்டும். என் வாய் சும்மா இருந்ததா? "புருசன் போயி பதினஞ்சு வருசம் ஆவுது. கோயிலுக்குன்னு பொய் சொல்லிட்டு இங்க வந்து பூ தைக்கிறியா?" என்று கத்தினேன்.

தாயார் எழுந்துவிட்டார். "ஏம்மா, இவங்கதான் தைக்கிறாங்களா? எம் பொண்ணு தலையில இது ஏறக்கூடாது. நாங்க வேற ஆளப் பாத்துக்கறோம்" என்று பார்லர் நடத்தும் பெண்ணிடம் சொல்லிவிட்டு வெளியேறினார்.

"நல்லா பண்ணீங்கண்ணே" என்றார் பார்லர் நடத்தும் பெண். "இத்தன வருசமா யார் தைக்கிறாங்கன்னு யாருக்கும் தெரியாமத்தான் குடுத்துட்டு இருந்தோம்."

அக்கா அழவில்லை. முக்கால்வாசி முடிந்த ஜடையைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். திரும்பும்போது பஸ்ஸில் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "நான் எவனையாச்சும் பாக்க வந்திருந்தா ஒனக்கு நிம்மதியா இருந்திருக்கும், இல்லடா?" நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆமாம் என்பதுதான் உண்மை.

அதன் பிறகு அக்கா கோயிலுக்கென்று கிளம்பவில்லை. நான் பார்த்தவரை கையில் வாசமும் இல்லை. சில வருடங்களில் என் மகளுக்குக் கல்யாணம் வந்தது. "மேடைப் பக்கம் வர வேணாம்க்கா, நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க" என்று நானே சொன்னேன். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். அக்கா ஸ்டோர் ரூம் பக்கமே இருந்துகொண்டார். மகளின் ஜடையைப் பார்த்து மண்டபமே அசந்துபோனது. "எங்க செஞ்சது?" என்று மனைவியைக் கேட்டேன். "பெரம்பலூர்ல சொல்லியிருந்தோம்" என்றாள். அன்றைக்கு மட்டும் பாருங்கள், எனக்குச் சந்தேகமே வரவில்லை.

போன வருடம் இதயம் பலவீனமாகி நாலு மாதம் படுக்கையில் இருந்து அக்கா போய்விட்டார். காரியத்தன்று முன்பின் தெரியாத பெண்கள் வந்து அழுதார்கள். ஒவ்வொருவரையும் யாரென்று விசாரித்தேன். ஜெயங்கொண்டத்திலிருந்து கைக்குழந்தையோடு வந்தவர், "என் கல்யாண ஜடை அக்கா தச்சதுங்க. யாரு என்னன்னு தெரிஞ்சேதான் கேட்டு வாங்கி வச்சிக்கிட்டேன்" என்றார்.

பதினாறு முடிந்ததும் மகள் அக்காவின் போனைத் திறந்தாள். பூட்டைத் திறக்கும் எண் அவளுக்குத் தெரிந்திருந்தது. உள்ளே அவ்வளவும் பெண்களின் பின்னந்தலைகள். ஒரு முகம்கூட இல்லை. ஜடை, ஜடை, ஜடை. ஒரு படத்தில், மண்டபத்து ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது என் மகள். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, என்னைத் தவிர. எனக்குத் தெரிந்தால் என்ன செய்வேன் என்று அவர்களுக்குத் தெரியும்.

அக்காவைக் கவனித்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், வாரம் தவறாமல் வந்து பார்த்த ஜவுளிக்கடைத் தோழியருக்கும், கடைசி நாள் வரை ஊட்டிவிட்ட என் மனைவிக்கும், அந்தச் சண்டைக்குப் பிறகும் அக்காவைக் கைவிடாத பார்லர் தங்கைக்கும் நன்றி. உறவினர்களிடம் ஒரு வேண்டுகோள். விசேஷ வீடுகளில் அக்காவைப் பின்வரிசையில் உட்கார வைத்தோமே, அதில் முதல் ஆள் நான். உங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பத்தை ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். ஜடை மிகவும் அழகாக இருந்தால், தைத்த கை யாருடையது என்று தாராளமாகச் சந்தேகப்படுங்கள்.

பின்னட்டையில் இருப்பது அந்தப் போனின் கடைசிப் படம். நரை கலந்த தலை, இடுப்பு வரை முழு ஜடை, கழுத்தில் மச்சம். எங்கள் வீட்டுப் பீரோக் கண்ணாடியில் பாதி முகம் தெரிகிறது. அக்கா சிரிக்கிறார். அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்த ஜடையை அவருக்கு வைத்துவிட்டது யார், படத்தை எடுத்தது யார் என்று நான் இதுவரை யாரிடமும் விசாரிக்கவில்லை.