இல்லாத படத்தின் பாட்டு

போன ஞாயிற்றுக்கிழமை, இல்லாத ஒரு படத்தைப் பார்த்தவரின் தாயாரைச் சந்தித்தேன்.

ஊர்காவற்றுறையில் எங்கள் கத்தோலிக்கக் கோயில் திருவிழா. பூசை முடிந்து கலை நிகழ்ச்சி தொடங்கியிருந்தது. மேடையில் என் அக்காவின் மகள் ஜெனிற்றா மைக்கைப் பிடித்தபடி நிற்கிறாள். "இப்ப பாடப்போறது நாங்களே எழுதி, நாங்களே மெட்டுப் போட்ட பாட்டு. இது எந்தப் படத்திலயும் வரேல்லை" என்கிறாள்.

எனக்குப் பின்னால் கதிரையில் இருந்த ஒரு அம்மா சலித்துக்கொண்டார். "கதை விடுறாள் பெட்டை. அது படத்தில வந்த பாட்டல்லோ!"

திரும்பினேன். "அந்தப் படத்தைப் பாத்தனீங்களோ, அம்மா?"

"நான் பாக்கேல்லை. பிரான்சில என்ரை மகன் பாத்தவன். நல்ல படமாம்."

என்னத்தைச் சொல்வது? நடிகர் இல்லை, கமரா இல்லை, அப்படி ஒரு படத்தை எடுக்க இந்த உலகத்தில் யாரும் நினைத்ததுகூட இல்லை... ஆனால் பிரான்சில் ஓடியிருக்கிறது. நல்ல படமாம் வேறு!

சில வாரங்களுக்கு முன் வேலணையிலிருந்து இந்தப் பத்தியின் வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார் — சொந்தமாகப் பாட்டுக் கட்டும் புதுக் குழு ஒன்றுக்கு மேடை கிடைக்க என்ன வழி என்று. பதில் எழுதாமல் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். வழி தெரியாமல் அல்ல. ஒரு வழி நன்றாகத் தெரியும். அதைச் சொல்லத்தான் மனம் வரவில்லை.

ஜெனிற்றாவின் குழுவுக்குப் பெயர் 'கடைசி பஸ்'. நான்கு பேர். ஜெனிற்றா எழுதிப் பாடுவாள். சரவணை ஊர்ப் பெடியன் சுதன் கிற்றார். கோயில் பாடகர் குழுவில் கீபோர்ட் வாசிக்கும் ஒருவர், டிரம்ஸ் அடிக்கும் ஒருவர். ஒவ்வொரு ஒத்திகையும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதில்தான் முடியும், அதனால் அந்தப் பெயர்.

தீவுப்பகுதியில் பாட்டுக்காரருக்கு என்னென்ன மேடை உண்டு? சைவக் கோயில் திருவிழா, எங்கள் பெருநாள், விளையாட்டுக் கழகத்தின் ஆண்டு விழா, கலியாண வீடு, வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் பிள்ளைக்குச் செய்யும் பிறந்தநாள். இவ்வளவுதான். பிள்ளைகள் எல்லா இடமும் ஏறி இறங்கினார்கள். எல்லா இடமும் ஒரே கேள்வி — என்னென்ன படப் பாட்டுப் பாடுவீங்கள்?

ஒரு விளையாட்டுக் கழகச் செயலாளர் சுதனிடம் ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். "சொந்தப் பாட்டோ? நல்ல விஷயம் தம்பி. ஆனால் நீர் பாடத் தொடங்க சனம் எழும்பிப் போட்டுதெண்டால், பிறகு ஆரைப் பாத்துப் பாடுவீர்?"

நியாயமான கேள்வி. அதனால் படப் பாட்டுகளே பாடினார்கள். பத்துப் படப் பாட்டுக்கு நடுவில் தங்களுடையது ஒன்றைச் செருகலாம் என்பது திட்டம்.

அந்த ஒன்று எது என்பதில் அவர்களுக்குள் விவாதமே இல்லை. ஜெனிற்றா தன் தாயைப் பற்றி எழுதிய பாட்டு.

என் அக்கா குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். அத்தான் கடலுக்குப் போகிறவர். பாதியில் நின்ற வீட்டை முடிக்கவென்று, ஜெனிற்றா சின்ன வகுப்பில் இருந்தபோது அக்கா போனாள். வீடு எப்போதோ முடிந்துவிட்டது. அக்கா இன்னும் வரவில்லை. அவள் போன் எடுக்கும்போதெல்லாம் பின்னால் ஒரு குழந்தை அழும், "பொறு பிள்ளை" என்று சொல்லிவிட்டு ஓடுவாள். அந்தப் பாட்டு இப்படித் தொடங்கும்:

உன் குரலுக்குப் பின்னாலே யார்பிள்ளை அழுகிறது?
ஓடிப்போய்த் தூக்கம்மா, நான் வளர்ந்து போனேனே...

முதல் முறை கேட்டபோது நான் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன். அக்காவுக்குப் பாடிக் காட்டினாயா என்று கேட்டேன். "சொல்லிப் போடாதேங்கோ சின்னம்மா, அங்க தனிய இருந்து அழுவா. லீவில வரேக்கை முன்னுக்கு இருத்தி வைச்சுப் பாடுறன்" என்றாள்.

அந்தப் பாட்டு முதலில் மேடையேறியது புளியங்கூடல் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில். அங்கே அறிவிப்பாளராக வந்தவர் ராசன் அண்ணை. நல்ல மனுஷன், கம்பீரமான குரல். எங்கள் ஊர் அறிவிப்பாளர்களை உங்களுக்குத் தெரியும்தானே? ஒரு பாட்டைச் சும்மா விடமாட்டார்கள். படம் எது, எழுதியவர் யார், இசை யார், பாடியவர் யார் — எல்லாம் சொல்லித்தான் விடுவார்கள். றேடியோ கேட்டு வளர்ந்த பழக்கம். படத்தின் பெயர் சொல்லாமல் ஒரு பாட்டை அறிவிப்பது அவர்களுக்குச் சேட்டுப் போடாமல் மேடையேறுவது மாதிரி.

"எந்தப் படம் தங்கச்சி?" என்று மேடை ஓரத்தில் நின்று கேட்டாராம். "படம் இல்லை அண்ணை, எங்கட பாட்டு" என்றிருக்கிறாள் ஜெனிற்றா.

சொந்தப் பாட்டு என்றால் சனம் கச்சான் கடலை வாங்க எழுந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். பிள்ளைகளைக் காப்பாற்ற நினைத்தார். மைக்கில் அந்தக் கம்பீரக் குரல் வந்தது: "அடுத்து... விரைவில் வெளிவரவிருக்கும், இன்னமும் பெயர் சூட்டப்படாத திரைப்படத்திலிருந்து..."

ஒருவரும் எழும்பவில்லை. பாட்டு முடிந்ததும் கைதட்டல். இன்னொருமுறை பாடச் சொல்லிக் குரல்கள். முன்வரிசையில் நான்கைந்து போன்கள் உயர்ந்தன.

ஜெனிற்றாவுக்கு முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. சுதன்தான் சமாதானம் சொன்னான். "இருக்கட்டும் விடும். சனம் முதல்ல பாட்டைக் கேக்கட்டும். ஆற்றை பாட்டு எண்டு பிறகு சொல்லலாம்."

பிறகு! இந்த ஒரு சொல்லை நம்பி நாம் எத்தனை காரியங்களைக் கெடுத்திருக்கிறோம்?

அடுத்த வாரமே அழைப்பு வந்தது. பிறகு இன்னொன்று. "அந்தப் பேரில்லாத படத்துப் பாட்டுப் பாடுற குறூப் நீங்கள்தானே?" என்று கேட்டார்கள். ஆம் என்றால் மேடை நிச்சயம். நெடுந்தீவுக்குப் போகும் படகில் டிரம் செற்று நனையாமல் படங்கு சுற்றிக் கட்டி ஏற்றிக்கொண்டு போனார்கள். அங்கே சின்னப் பிள்ளைகள்கூட அந்தப் பாட்டைச் சேர்ந்து பாடினார்களாம். அந்த வீடியோ வட்ஸ்அப்பில் நாடு நாடாகச் சுற்றியது.

வாசக அன்பரே, நீங்கள் கேட்ட வழி இதுதான். பாட்டு உங்களுடையது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

போன ஞாயிறு மேடையில் ஜெனிற்றா அதைச் சொன்னதற்குக் காரணம் நயினாதீவு. அங்கே ஒரு விழாவுக்குப் பாடப் போனார்கள். இவர்களுக்கு முன்னால் வேறொரு குழு. அந்தக் குழுவின் பாடகி கண்ணை மூடி, உருகி உருகிப் பாடினாள் — உன் குரலுக்குப் பின்னாலே யார்பிள்ளை அழுகிறது. மேடைக்குக் கீழே நின்று ஜெனிற்றா கேட்டுக்கொண்டிருந்தாள். இறங்கி வந்த பாடகி இவளைப் பார்த்துச் சிரித்து, "நீங்களும் அந்தப் படப் பாட்டுத்தானே பாடுறனீங்கள்? மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா, நாங்கள் முந்தீட்டம்" என்றாளாம். அதில் கள்ளம் எதுவும் இல்லை. அவளுக்கு அது படப் பாட்டு.

திரும்பி வரும் படகிலேயே ஜெனிற்றா, எங்கள் கோயில் பெருநாளில், சொந்த ஊர் மேடையில் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தாள். சொந்தச் சனமாவது நம்பும் என்று நினைத்தாள்.

நடந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே.

அடுத்த நாள் ஒரு கழகத்திலிருந்து போன். எடுத்தவன் சுதன். "படத்தில வந்த பாட்டைத் தங்கட எண்டு சொல்லுற ஆக்களை எங்கட மேடையில ஏத்தேலாது தம்பி, குறை நினையாதேயும்." கழகத்தாரைக் குறை சொல்லி என்ன? உண்மை பிந்தி வந்தால் அதைப் பொய்யின் பக்கத்துக் கதிரையில்தான் இருத்துகிறார்கள். ராசன் அண்ணை கேள்விப்பட்டு வீடு தேடி வந்தார். "நான் நல்லதுக்குத்தான் தங்கச்சி சொன்னனான்" என்று வாசலிலேயே நின்றார். ஜெனிற்றா அவரைக் கூப்பிட்டு இருத்தித் தேத்தண்ணி கொடுத்தாள். கோபிக்க ஒருவராவது கிடைத்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று பின்னேரம் நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். அக்கா போன் எடுத்தாள். ஜெனிற்றா கறிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டு நான் கதைத்தேன். ஊர்ப் புதினம் எல்லாம் கேட்டாள். வழக்கம்போலப் பின்னால் குழந்தை அழுதது. இப்போது அந்த வீட்டில் இரண்டாவது குழந்தை.

"கொஞ்சம் பொறடி" என்று போனவள் திரும்பி வந்து சிரித்தாள். "அந்தப் பாட்டில வாற மாதிரியே இருக்கு, பாத்தியே?"

"எந்தப் பாட்டு அக்கா?"

"எங்கட பிள்ளை நெடுந்தீவில பாடினதடி. இஞ்ச வேலை செய்யிற பெட்டையள் எல்லாற்றை போனிலயும் இருக்கு. ஆரோ எங்களை மாதிரி ஆக்களைப் பாத்துத்தான் அதை எழுதியிருக்கிறாங்கள். என்ரை பிள்ளை அதைத் தன்ரை கதை மாதிரியெல்லோ பாடுறாள்! எத்தினை தரம் கேட்டிட்டன்."

தேங்காய் துருவும் சத்தம் நின்றுவிட்டது.

"தங்கச்சி, உனக்கு அந்தப் படத்தின்ரை கதை தெரியுமே?" அக்காவின் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "கடைசியில அந்தத் தாய் பிள்ளையிட்டைத் திரும்பி வாறாவோ?"

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று ஜெனிற்றாவைப் பார்த்தேன். அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து, போனை என்னிடமிருந்து வாங்கினாள்.

"முடிவு இன்னும் எடுக்கேல்லையாம் அம்மா."