வளையல் உடைக்கும் காட்சி

குமுதாவுக்குச் சின்னதாகப் பொட்டு வைக்கத் தெரியாது. வைத்தால் இருபது காசு அளவுக்கு, வட்டமாக, பெர்ரிக் கப்பலின் அந்தக் கோடியிலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரிதான் வைப்பாள். புக்கிட் தெங்காவில் ஒரு மின்சாதனத் தொழிற்சாலையில், ஊர்ப் பேச்சில் கிலாங்கில், லைன் லீடர் வேலை. முகக்கவசம், தொப்பி, கோட்டு எல்லாம் போட்ட பிறகு வெளியே தெரிவது கண்ணும் பொட்டும் மட்டும்தான். புருஷன் போன பொம்பளைக்கு இவ்வளவு பெரிய பொட்டு எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. ஒரு தடவை கேட்டவர்கள் மறு தடவை கேட்டதில்லை. வாய் அப்படி.

இந்த வாயை வைத்துக்கொண்டு அவள் நாடகக் குழுவில் சேர்ந்தது அதிசயமில்லை, அங்கே இத்தனை காலம் தாக்குப்பிடித்ததுதான் அதிசயம். ஜார்ஜ் டவுனில் லெபோ பாசார் தெருப் பக்கம் ஒரு மளிகைக் கடை மாடியில் கூடுகிற சின்னக் குழு. கீழே மிளகாய் அரைக்கிற நாளில் மேலே ஒத்திகை பார்க்கிற எல்லோருக்கும் கண்ணீர் கொட்டும். சோகக் காட்சி என்றால் அதுவும் ஓர் உதவிதான். வேலை முடிந்ததும் குமுதா மோட்டார் சைக்கிளைப் பெர்ரியில் ஏற்றிக் கடல் தாண்டி இந்தக் கரைக்கு வந்துவிடுவாள். குழுவில் அவளோடு பிறை ஊரில் லாரி ஓட்டும் யுகேந்திரன், பல் டாக்டர் கிளினிக்கில் கவுண்டரில் உட்காரும் சுபாஷினி, கல்லூரியில் பாடம் நடத்தும் கபிலன், இன்னும் சிலர். கபிலன்தான் இயக்குநர். வயதில் சின்னவன், படித்தவன், எதைச் சொன்னாலும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் சொல்லுவான்.

யாரோ எழுதிய நாடகத்தை அவர்கள் போடுவதில்லை. ஆளுக்கொரு சம்பவத்தைத் தங்கள் வாழ்க்கையிலிருந்து கொண்டுவந்து கொட்ட வேண்டும். அதைப் பிசைந்து, தட்டி, காட்சியாக்குவார்கள். அதற்கு இரண்டு சட்டம். தன் கதையைத் தானே நடிக்கக் கூடாது, வேறொருவர்தான் நடிக்க வேண்டும். தன் கதையில் எவனும் தன்னை நல்லவனாகக் காட்டத்தான் பார்ப்பான் என்பது கபிலனின் கட்சி. இரண்டாவது சட்டம், கொடுத்த கதையைத் திருப்பிக் கேட்கக் கூடாது. இது குமுதா கொண்டுவந்தது. பரீட்சையில் தோற்றுவிட்டு ஒரு வருஷம் பாஸ் என்று அம்மாவை ஏமாற்றிய கதையைச் சொன்ன யுகேந்திரன், பிறகு வெட்கப்பட்டுப் போய் அதை எடுத்துவிடச் சொன்னான். குமுதா விடவில்லை. "குடுத்தா குடுத்ததுதான் தம்பி. இங்க என்ன அடகுக் கடையா நடத்துறோம், நெனச்சப்ப வந்து மீட்டுக்கிட்டுப் போக?" என்று எல்லோர் முன்னாலும் மூக்கை உடைத்தாள்.

குமுதா கொடுத்த கதை அவள் புருஷன் கோகுலனின் பதினாறாம் நாள் காரியம்.

கோகுலன் நல்ல மனுஷன். நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் குமுதா அழுத அழுகையில் பக்கத்து வார்டு மலாய்க்காரப் பெண்கள்கூட வந்து கட்டிக்கொண்டார்கள். அழவேண்டியதை அங்கேயே அழுது முடித்தாள். தாலியைத் தன் கையாலேயே கழற்றி அவன் படத்துக்கு முன்னால் வைத்தாள். ஆனால் பதினாறாம் நாள், அவளைக் குளிப்பாட்டி, பட்டுக் கட்டி, தலை நிறையப் பூ வைத்து, கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டு, கல்யாணப் பெண் மாதிரி உட்கார வைத்துவிட்டு, அத்தனையையும் சொந்தக்காரப் பொம்பளைகள் நடுவில் பிடுங்கப் போகிறார்கள் என்றபோது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வளையலை உடைக்க வந்தவள் கோகுலனின் அக்கா நவமணி. குமுதா கையை இழுத்துக்கொண்டாள். "தாலி அவரு கட்டுனது, குடுத்துட்டேன். பூவும் பொட்டும் வளையலும் நான் பொறந்ததுலேருந்து போடுறது. அதுல யாரும் கை வைக்க வேணாம்" என்று எழுந்து போய்விட்டாள். மறுநாள் அதே வளையலோடு வேலைக்கும் போனாள்.

கதையைக் கேட்டு முடித்ததும் யுகேந்திரன்தான் முதலில், "அக்கா, இது ஒண்ணு போதும்லா, மத்ததெல்லாம் தூக்கிப் போட்டுறலாம்" என்றான்.

சட்டப்படி குமுதாவாக நடிக்க சுபாஷினியைப் போட்டார்கள். நாத்தனாராக நடிக்க வயதும் குரலும் பொருந்துகிற ஒரே ஆள் குமுதாதான். அதிலே ஒரு சங்கடம் இருந்தது. நவமணியும் புருஷனைப் பறிகொடுத்தவள், அதுவும் இருபத்தாறு வயதில். அன்றிலிருந்து வெறும் நெற்றி, வெறும் கை. ஆகவே, ஊரே திரண்டு வந்தும் பொட்டை அழிக்க விடாத குமுதா, நாடகத்துக்காக ஒவ்வொரு ஒத்திகைக்கும் தன் கையாலேயே அதை அழிக்க வேண்டியதாயிற்று. முதல் நாள் கண்ணாடி முன்னால் நின்று ஈரத்துணியை எடுத்தபோது அவளுக்குக் கை வரவில்லை. வேஷம்தானே என்று தன்னையே அதட்டிக்கொண்டு அழித்தாள். கண்ணாடியில் தெரிந்த முகம் அவளுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

நாடகம் போடக் கிடைத்த மண்டபம் ஒரு சங்கத்தினுடையது. இலவசமாகத் தருகிறோம், ஒரு தடவை ஒத்திகை பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். தலைவர் சிவகுருநாதன் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வளையல் காட்சியில் மட்டும் தலை நின்றது. குடும்பங்கள் வருகிற இடம், பெரியவர்கள் மனசு புண்படும், அந்தப் பெண் சடங்குக்கு ஒத்துக்கொண்டு அழுவதாக வைத்தால் காட்சியும் உருக்கமாக இருக்குமே என்று கபிலனைத் தனியே அழைத்துச் சொல்லிவிட்டுப் போனார்.

மாடிக்குத் திரும்பியதும் கபிலன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினான். அதைக் கண்டதுமே குமுதாவுக்குத் தெரிந்துவிட்டது, இவன் வளைந்துவிட்டான் என்று.

"அக்கா, யோசிச்சுப் பாத்தா அவர் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு. அவ கையை நீட்டுறா. நீங்க ஒடைக்கிறீங்க. அவ அழுறா, நான் லைட்ட அணைக்கிறேன். சனங்க அழுதுருவாங்க."

"சனங்க அழட்டும் தம்பி. அவ அழமாட்டா."

"இல்லக்கா, எந்திரிச்சுப் போறதெல்லாம் மேடையில நம்புற மாதிரி இருக்காது. நம்ம பொம்பளைங்க யாரு அப்படிச் செய்வாங்க?"

"நான் என்ன ஆம்பளையா?" என்றாள் குமுதா. "நடந்தது இந்தா ஒங்க முன்னாடி குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கு. நம்ப முடியலன்னா தொட்டுப் பாத்துக்குங்க."

சிரிப்பு வந்தது, ஆனால் யாரும் சிரிக்கவில்லை. மண்டபம் இல்லையென்றால் நாடகம் இல்லை. மாதக்கணக்கில் உழைத்தது வீணாகிவிடும். சுபாஷினி தரையைப் பார்த்தாள். அவள் எப்போதும் அப்படித்தான், சொன்னதைச் செய்கிற பெண். குமுதாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அப்ப என் கதையத் திருப்பிக் குடுத்துருங்க. நீங்க வேற எதையாச்சும் போட்டு அழுங்க" என்று கைப்பையை எடுத்தாள்.

மூலையிலிருந்து யுகேந்திரன் மெதுவாகச் சொன்னான். "குடுத்தா குடுத்ததுதானேக்கா."

தன் வார்த்தை தன் தலையிலேயே வந்து விழுந்தது. குமுதா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

பெர்ரியில் காற்று வாங்கிக்கொண்டு நிற்கும்போது அவளுக்கு அழுகை முட்டியது, அவமானத்தில். மண்டபத்தில் நூறு பேர் பார்க்க, அவள் செய்யாத காரியத்தை அவள் செய்ததாகக் காட்டப் போகிறார்கள். அன்றைக்கு அத்தனை பேரை எதிர்த்துக் காப்பாற்றிய வளையலை, இப்போது அவள் கையாலேயே உடைக்கச் சொல்கிறார்கள். போகாமல் நின்றுவிடலாம். நின்றால் வேறு யாராவது நாத்தனாராகி உடைத்துவிட்டுப் போவார்கள். அக்கரை வந்து மோட்டாரைக் கிளப்பியபோது அவள் முடிவு செய்திருந்தாள். நவமணி பேசியதில் ஒரு வார்த்தையும் மாற்றப் போவதில்லை. நாத்தனார் வேஷம்தானே கொடுத்திருக்கிறார்கள்? நாத்தனாரை உள்ளது உள்ளபடி நடித்துவிடுவது. நவமணி அன்று சொன்ன சில பேச்சுகளைக் குமுதா குழுவிடம் சொல்லியிருக்கவில்லை. வாயால் திரும்பச் சொல்லக் கூசியிருந்தாள். இனிக் கூசுவதற்கு என்ன இருக்கிறது?

அதோடு விட்டாளா? நேரே நவமணி வீட்டுக்குப் போய் டிக்கெட்டையும் நீட்டினாள். "ஒங்களத்தான் நடிக்கிறேன் அண்ணி. வந்து பாருங்க." காரியத்துக்குப் பிறகு இருவரும் நல்ல வார்த்தை பேசிக்கொண்டதில்லை. நவமணி டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இடுப்பில் செருகிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

இரண்டு நாள் நாடகத்தின் முதல் நாள், சனிக்கிழமை மாலை, மண்டபம் நிறைந்திருந்தது. திரை இடுக்கு வழியாகக் குமுதா பார்த்தாள். முன்வரிசையில் சிவகுருநாதன். இரண்டாம் வரிசை ஓரத்தில், வெள்ளைப் புள்ளி போட்ட சேலையில் நவமணி. குமுதா ஈரத்துணியால் பொட்டை அழித்துக்கொண்டு மேடைக்குப் போனாள்.

சுபாஷினி பட்டும் பூவுமாக மணையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தட்டு, அதில் மஞ்சள், குங்குமம், உதிரிப்பூ. சொல்லிக்கொடுத்தபடியே கையை நீட்டினாள். குமுதா அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். வழக்கமாக இந்த இடத்தில் வசனம் கிடையாது.

"என் தம்பிய முழுங்கிட்ட. இன்னும் என்னாடி ஒனக்குச் சிங்காரம்?"

சுபாஷினி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அது நடிப்பில்லை.

"அவன் போய்ச் சேந்துட்டான். நீ யாரு பாக்குறதுக்குப் பூ வைக்கப் போற? கிலாங்குல எவனாச்சும் பாக்கணுமா?"

சபையில் யாரோ "ஐயோ" என்றது கேட்டது. பிடித்த கையில் சுபாஷினியின் நரம்பு துடிப்பது குமுதாவுக்குத் தெரிந்தது. கடைசிப் பேச்சு ஒன்று பாக்கி இருந்தது. அன்று காதில் விழுந்தும் குமுதா வெறும் வயிற்றெரிச்சல் என்று தள்ளிவிட்ட பேச்சு. இப்போது அதையும் சொன்னாள்.

"எனக்கு ஒடைச்சப்ப யாருடி வந்து தடுத்தா?"

அவ்வளவுதான். சுபாஷினி, சொன்னதைச் செய்கிற அந்தப் பெண், கையைப் பறித்துக்கொண்டாள். வளையல்கள் கலகலத்தன. "தொடாதீங்க" என்றாள். குரல் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. எழுந்தாள். மேடைப் படியில் இறங்கி, சனங்களுக்கு நடுவே நடந்து, வாசல் வழியாக வெளியே போய்விட்டாள்.

அழவில்லை. அழுதால்தான் விளக்கை அணைக்க வேண்டும் என்பது பேச்சு. குமுதா பக்கவாட்டில் பார்த்தாள். கபிலன் விசையில் விரலை வைத்தபடி நின்றான். கண்ணாடியைக் கழற்றவில்லை. விளக்கையும் அணைக்கவில்லை.

மேடையில் குமுதா மட்டும் நீட்டிய கையோடு நின்றாள். அன்றைக்கு இதே மாதிரிதான் நவமணி நின்றிருப்பாள். தான் எழுந்து போனதைத்தான் குமுதா இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள், பின்னால் விட்டுவிட்டு வந்த கையை ஒரு நாளும் நினைத்ததில்லை. பாவி மகளே, இருபத்தாறு வயசு, என்று அவளுக்கு நெஞ்சு கொதித்தது. குனிந்து தட்டிலிருந்த குங்குமத்தைத் தொட்டாள். நவமணிக்காக வெறுமையாக்கிய தன் நெற்றியில், நவமணியாகவே நின்று, இருபது காசு அளவுக்கு ஒரு பொட்டு வைத்தாள். சபையை நேராகப் பார்த்தாள். பிறகுதான் இருட்டியது.

கைதட்டல் ஓய்வதற்குள் சிவகுருநாதன் மேடைக்குப் பின்னால் வந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. நாளைக்கு அந்தக் காட்சி இருந்தால் மண்டபச் சாவி கிடையாது என்றார்.

"சாவிய நீங்களே வச்சிக்குங்கய்யா" என்றாள் குமுதா. "வாசப்படிக்குப் பூட்டு இல்லதானே?"

அவர் கபிலனைப் பார்த்தார். கபிலன், "அக்கா சொன்னதுதான் ஐயா" என்றான்.

நவமணி எங்கே என்று குமுதா தேடினாள். நாற்காலி காலியாக இருந்தது.

ஞாயிறு மாலை மண்டப வாசல் முற்றத்தில் யுகேந்திரன் தன் லாரியைக் குறுக்கே நிறுத்தி, முன்விளக்கைப் போட்டுவிட்டான். போகிற வருகிறவர்களெல்லாம் நின்றார்கள். முந்தின நாளை விடக் கூட்டம். லாரிக்குப் பின்னால் நின்று குமுதா பொட்டை அழித்துக்கொண்டிருந்தபோது நவமணி வந்தாள். தனியாக வரவில்லை. அவள் பிளாட்டில் குடியிருக்கும் இரண்டு பெண்களையும் கூட்டி வந்திருந்தாள். மூன்று பேர் நெற்றியும் வெறுமையாக இருந்தது. சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று குமுதா இடுப்பில் கையை வைத்தாள்.

நவமணியோ கூட வந்தவர்களிடம் திரும்பினாள்.

"இவதான் என் தம்பி பொண்டாட்டி. வளையல ஒடைக்கப் போனது நான்" என்றாள். "இவ விடல."

சொல்லிவிட்டு, முன்னால் நின்றவர்களைத் தள்ளிக்கொண்டு போய், விளக்கு நன்றாக விழுகிற இடத்தில் மூவருக்கும் இடம் பிடித்தாள்.