அத்தையின் ஸ்பானிஷ் தண்ணீர்

பென்னலூரில் எங்கள் வீட்டில் யாரும் ஒரு இடத்தில் உட்காராத மாதம் அது. காரணம் என் அத்தை, அப்பாவின் தங்கை. கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில், பாகங்களைக் கழுவும் லைனில் அவளுக்கு வேலை. அந்த லைனிலிருந்து ஒருவரை ஆறு மாதப் பயிற்சிக்கு ஸ்பெயினுக்கு அனுப்பப் போகிறார்கள். போட்டி இரண்டு பேருக்குள்தான்: அத்தையும், அவளோடு வேலை பார்த்த தென்காசி அக்காவும். கழுவும் மெஷின் முன்னால் நின்று, தண்ணீர் எப்படிப் போகிறது என்று ஸ்பானிஷில் சொல்ல வேண்டும். தேர்வானவர் போக மறுத்தால் அந்த இடம் வேறு லைனுக்குப் போய்விடும்.

அத்தைக்குத் தோசை ஊற்றும்போதுகூடக் கால் நிற்காது. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் என்னைப் பம்புசெட்டுக்கு இழுத்துக்கொண்டு போவாள். வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதிய நோட்டு என் கையில் இருக்கும். ஒன்பது வயதில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம்; கொஞ்சம் கெத்தாகவே நடந்துகொண்டேன். குழாயிலிருந்து தண்ணீர் வெளியே வந்தால் ‘சாலே’, தொட்டியில் விழுந்தால் ‘காயே’, வாய்க்காலில் ஓடினால் ‘கோர்ரே’. குழாய்க்குள்ளே போகும் தண்ணீரில்தான் தகராறு.

“நமக்கு எல்லாம் ஓடுதுதான். இவங்களுக்கு இன்னாடி இத்தினி?” என்று சலித்துக்கொள்வாள். பிறகு குழாயில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “இது ஓடல. அவசரமே இல்லாம போய்க்கினு கீது. ‘ஃப்ளூயே’” என்பாள்.

நான் மார்க் போடுவேன். கடைசி வாரம் ஒன்றுகூடத் தப்பவில்லை. இவள் போய்விட்டால் எனக்கு யார் தலை பின்னுவார்கள்?

தேர்வன்று காலை அப்பா சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார்: “ஆசைக்குப் போய் சொல்லிட்டு வா. ஆனா மாப்ள வூட்ல ஆறு மாசம் காத்துக்கினு இருக்க மாட்டாங்களாம். செலக்ட் ஆனாலும் அனுப்ப மாட்டேன்.”

அத்தை செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

சாயங்காலம் வந்து, “எல்லாத்துக்கும் ‘காயே’, விழுது, விழுதுன்னே சொல்லிட்டேன். மறந்துபூடுச்சு” என்றாள். தென்காசி அக்கா தேர்வாகிவிட்டாள். எனக்கு வந்த சந்தோஷம் சொல்லி மாளாது. அத்தைக்கு மண்டையில் ஒன்றும் ஏறவில்லை என்று தெரு முழுக்க நானே தண்டோரா போட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தென்காசி அக்கா வந்தாள். “அங்க போயி முழிக்கப் போறேன்க்கா” என்று கையைப் பிசைந்தாள். அத்தை அவளைப் பம்புசெட்டுக்கு அழைத்துப் போய், தண்ணீருக்குள் கையை விட்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிக் கொடுத்தாள். எங்கேயும் தடுமாறவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

“நீதான் பெயிலாச்சே அத்தை. பாஸானவங்களுக்கு நீ எப்டி சொல்லித் தர்ற?”

தென்காசி அக்கா அத்தையை நிமிர்ந்து பார்த்தாள். “எக்கா...” என்றாள்.

“அவ கெடக்குறா. நீ சொல்லு, இது இன்னா?” என்று அத்தை வாய்க்காலைக் காட்டினாள். அந்த அக்கா வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது.

விமானத்தில் ஏறப் பயந்துதான் அழுகிறாள் என்று நினைத்தேன். “ஜன்னல் ஓரமா உக்காராதீங்கக்கா, ஒண்ணும் ஆவாது” என்று அவளுக்குத் தைரியம் சொன்னதும் நான்தான்.