மரியாதை தெரியாத சொசைட்டி

தனிவட்டிக் கணக்கு எனக்கு நன்றாக வரும். ஐந்தாம் வகுப்பில் அது ஒன்றுதான் நன்றாக வந்தது. அதனால், அத்தை தன் பணத்தை எங்கே போடலாம் என்று விசாரிக்கக் கிளம்பியபோது, வீட்டில் அத்தனை பேர் இருக்க என்னைத்தான் கூப்பிட்டாள். என் பெருமையைக் கேட்காதீர்கள். தலைக்கு எண்ணெய் தடவிப் படிய வாரிச் சடை பின்னி, சிலேட்டையும் பலப்பத்தையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் மாதிரி கிளம்பினேன்.

அத்தை என் நைனாவின் தங்கை. தொண்டூரில் வாழ்க்கைப்பட்டவள். மாமா காய்ச்சலில் போன பிறகு, நைனாவே வண்டி கட்டிக்கொண்டு போய் அவளைச் செஞ்சிக்கு அழைத்து வந்தார். நிலத்தில் அவள் பங்குக்கு ஈடாகப் புகுந்த வீட்டில் ஏதோ பணம் கொடுத்திருந்தார்கள். எவ்வளவு என்று அவள் மூச்சு விடவில்லை. பிள்ளைகுட்டி இல்லை. கடை வைக்கிறேன் என்று நகையைக் கொழுந்தனார் வாங்கிப் போய், கடையும் போய் நகையும் போயிருந்தது. உலகத்தில் அவளுக்கென்று மிஞ்சியது அந்தப் பணம் மட்டும்தான்.

நைனாவுக்கோ மோட்டார் ஆசை. எங்கள் பக்கத்துக் கிணறுகளுக்கெல்லாம் அப்போதுதான் கரண்டு வந்துகொண்டிருந்தது. அடுத்த கொல்லையில் சுவிட்சைப் போட்டால் தண்ணீர் கொட்டியது. எங்கள் கொல்லையில் மாடுகள் இன்னும் கவலை இழுத்துத் தண்ணீர் இறைத்து நுரை தள்ளிக்கொண்டிருந்தன. சாப்பிட உட்கார்ந்தால் அதே பேச்சு.

“ஒரு மோட்டாரு மட்டும் வந்துடட்டும், அப்புறம் நமக்கு இன்னா கொறை?” என்பார் யாரையும் பார்க்காமல்.

அத்தை தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நைனா கெட்டவரில்லை, அதுதான் சங்கடமே. கெட்டவனாக இருந்தால் மூஞ்சியில் அடித்த மாதிரி மாட்டேன் என்று சொல்லிவிடலாம். தானே வந்து அழைத்துப்போன அண்ணனிடம் அதை எந்த வாயால் சொல்வது?

முதலில் மல்லாட்டை மண்டிக்குப் போனோம். விளைந்த நிலக்கடலையைப் போட்டுவிட்டு, வரும் பணத்தை அங்கேயே விட்டு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மண்டிக்காரரும் வட்டி தருவார். அத்தைக்கு நாற்காலி போட்டார்கள். எனக்குக் கலர் சோடா.

“எங்கிட்ட எரநூறு ரூபா இருக்குதுங்க. போட்டா எத்தினி வட்டி தருவீங்க?” என்று கேட்டாள் அத்தை.

அவர் சொன்ன வட்டியைக் கேட்டு என் பலப்பம் துள்ளியது. சிலேட்டில் போட்டுப் பார்த்து, “அத்த, இங்கியே போட்டுடு” என்று காதில் சொன்னேன். “யோசிச்சு வரேங்க” என்று அத்தை எழுந்துவிட்டாள். எனக்குச் சோடா பாதிதான் இறங்கியிருந்தது.

அன்று ராத்திரி நைனா கை கழுவிக்கொண்டே கேட்டார். “ஏம்மா, எரநூறு ரூபா சும்மா கெடக்குதாமே? மண்டில சொன்னாங்க.”

“யோசிச்சிக்கினு கீறேண்ணா” என்றாள் அத்தை.

அடுத்த சந்தை நாளில் போஸ்டாபீஸ். போஸ்ட் மாஸ்டர் தங்கமான மனுஷர். நைனாவோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர். எழுந்து நின்று வரவேற்றார், பாரத்தை அவரே எழுதித் தருவதாகச் சொன்னார். வட்டி மட்டும் மண்டிக்கு ரொம்பக் கீழே. அத்தை அவரிடம், “எங்கிட்ட முந்நூறு ரூபா இருக்குது சார்” என்றாள்.

எனக்குத் திக்கென்றது. “அத்த, எரநூறு!” என்றேன். முந்தானைக்குள்ளிருந்து ஒரு கை வந்து என் தொடையில் நறுக்கென்று கிள்ளியது. அவளுக்கு எண்ணத் தெரியவில்லை, சரியாகச் சொன்ன என்னைப் போய்க் கிள்ளுகிறாளே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ரெண்டு நாள் போயிருக்கும். நைனா வாசலிலிருந்தே பேசிக்கொண்டு வந்தார். “மண்டில எரநூறுன்றாங்க, போஸ்டாபீசுல முந்நூறுன்றாங்க. எதும்மா நெசம்?”

“ஊரு வாய்க்கு இன்னாண்ணா, நூறு கூட்டியும் சொல்லும், கொறைச்சும் சொல்லும்” என்று சொல்லிவிட்டு அத்தை அடுப்பைக் கவனித்தாள்.

கடைசியாகத்தான் சொசைட்டி. கடைவீதியில் ஒரு மாடியில் இருந்தது அந்தக் கூட்டுறவுச் சங்கம். வட்டி போஸ்டாபீசுக்கு மேலே, மண்டிக்குக் கீழே. ஆனால் அங்கே நடந்த மரியாதை இருக்கிறதே, அப்பப்பா! பெஞ்சுக்கு ஒரு கால் ஆட்டம். குமாஸ்தா எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வெகு நேரம் கழித்து, “இன்னா வேணும்?” என்றார், மாட்டை அதட்டுகிற குரலில்.

“நானூறு ரூபா போடணுங்க” என்றாள் அத்தை. இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. தொடை இன்னும் வலித்தது.

“மொதல்ல பங்கு எடுத்து மெம்பராவணும். சிபாரிசுக்கு ரெண்டு மெம்பர் வரணும். இன்னிக்கு ஆவாது, போ.”

எழுந்தோம். அப்போது பெஞ்சின் மறுகோடியில் இருந்த ஒருத்தர், அவலூர்பேட்டைக்காரர், தானாகவே புலம்ப ஆரம்பித்தார். “இங்க மட்டும் போடாதம்மா. எம் பொண்டாட்டி போட்ட பணம். அவ புருசன் நானு, நேர்ல வந்து கேக்கறேன், குடுக்க மாட்டேன்றான். அந்தம்மா வந்து ரேகை வெச்சாதான் உண்டாம். நாலு வாட்டி நடந்துட்டேன்.”

அத்தை மறுபடி உட்கார்ந்தாள். “புருசனுக்கே குடுக்கலியா?” என்று கேட்டாள்.

“குடுக்கலம்மா!”

“சண்ட போட்டுமா குடுக்கல?”

“ஐயோ, தொரத்தி உட்டுட்டான்.”

அவருக்காக அத்தை உச்சுக் கொட்டினாள். ஆனால் மாடிப்படி இறங்கும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். திருவிழாவுக்குப் போய் வந்த முகம். நான் சிலேட்டை நீட்டி, “மண்டிதான் அத்த நல்லது. சோடா வேற தந்தாங்க” என்றேன். “ஆமாண்டி ராசாத்தி” என்றாளே தவிர, சிலேட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் தினம் ராத்திரி நைனா சாப்பிட உட்காரும்போது அத்தை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் மழையைப் பற்றிப் பேசினார், மாட்டைப் பற்றிப் பேசினார். நானூறு என்ற பேச்சு மட்டும் வரவேயில்லை. அடுத்த சந்தை வந்ததும், ரெண்டு மெம்பர்களைக் கையில் காலில் விழுந்து கூட்டிக்கொண்டு, அத்தை மறுபடியும் அந்த மாடிப்படி ஏறினாள்.

அந்த மூன்று தொகைகளையும் அவள் ஏன் மாற்றி மாற்றிச் சொன்னாள் என்று உங்களுக்கு இதற்குள் விளங்கியிருக்கும். எனக்கு விளங்க, எனக்கே கல்யாணமாகி, என் சம்பளத்தை இன்னொருத்தர் கையெழுத்துப் போட்டு வாங்குகிற காலம் வரவேண்டியிருந்தது. எந்த இடத்தில் சொன்னது வீட்டுக்கு வந்து சேருகிறது என்று பார்த்திருக்கிறாள் என் அத்தை. எழுதப் படிக்கத் தெரியாத அந்த மூளைக்குக் கோயில் கட்டலாம்.

குமாஸ்தா அன்றைக்கும் எரிந்து விழுந்தார். ரேகை கலைந்துவிட்டது என்று கத்தி, மறுபடி வைக்கச் சொன்னார். பாஸ் புத்தகத்தைத் தூக்கிப் போடாத குறையாகத் தள்ளினார். அத்தை அதை மடியில் செருகிக்கொண்டு கீழே வந்தாள். தெருவுக்கு வந்ததும் அப்படியே நின்று அழ ஆரம்பித்துவிட்டாள், மை ஒட்டிய விரலாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“அந்தாளு திட்டினதுக்கா அத்த அழுவற?” என்று கேட்டேன்.

“ஆமாம்மா” என்றாள். கன்னமெல்லாம் மை. அந்த மனுஷன் நாசமாய்ப் போக என்று ராஜகிரி மலை உச்சிக் கோயிலைப் பார்த்து நான் வேண்டிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தையே சொல்லிவிட்டாள், சொசைட்டியில் போட்டாயிற்று என்று.  நைனா, “மோட்டாருக்கு ஆளு சொல்லி வெச்சிருக்கறேம்மா. பாஸ் புக்கைக் குடு, நான் போயி எடுத்தாறேன். மோட்டாரு உனக்குந்தான?” என்றார். கடுமையாகச் சொல்லவில்லை, கெஞ்சுகிற மாதிரிதான் இருந்தது.  அத்தை பெட்டியைத் திறந்து, பாஸ் புத்தகத்தை அவர் கையில் கொடுத்தாள்.

மறுநாள் சொசைட்டிக்குப் போன நைனா வெயில் ஏறித் திரும்பி வந்தார். துண்டை உதறித் திண்ணை மேல் எறிந்தார்.

“மனுசனா அவன்? கூடப் பொறந்த அண்ணன்னு சொல்றேன். ‘கவர்னரா இருந்தா எனக்கு இன்னா, அந்தம்மா வெரலு வரணும்’ன்றான். நாலு பேரு முன்னால மானம் போச்சு.”

“மரியாத தெரியாதவன்ணா” என்றாள் அத்தை. மோர்ச் சொம்பை அவரிடம் நீட்டினாள். நைனா அவளை நிமிர்ந்து பார்த்தார், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பாஸ் புத்தகத்தைத் தூசு தட்டி அவள் கையில் வைத்துவிட்டு, மோரைக் குடித்தார். அதன் பிறகு அந்தப் பணத்தைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

எனக்கு அத்தை மேல் பாசம் பொங்கியது. அவளுக்காகப் பேச யாருமில்லையே என்று, “அந்தாளு மோசம் நைனா. அன்னிக்கு அத்தையையும் ரோட்டுல நின்னு அழ வெச்சிட்டான்” என்றேன்.

அத்தை என்னைப் பார்த்தாள். முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். அடக்க அடக்கச் சிரிப்பு பொங்கிக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஒருத்தி அழுததில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குக் கோபம் வந்து, சிலேட்டை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டேன்.