எஞ்சின் பக்கம்

சசிரேகா அந்தச் சொல்லை முதன்முதலில் பிட்டு என்றுதான் கேட்டாள். அப்போது அவளுக்குப் பால்பல் விழுகிற வயது. தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பிய அப்பா லயத்து வரிசைவீட்டு வாசலில் நின்று, “டிரஸ்ஸர் ஐயா ஃபிட்டு சொல்லிட்டாரு” என்றார். இவள் உள்ளே ஓடித் தட்டை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினாள்.

“எங்கப்பா பிட்டு? சீனி போட்டதா, தேங்காய் மட்டுமா?”

லயமே சிரித்தது. அவள் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. “பிட்டுக்கு மண்ணு சுமந்தது சாமி. ஃபிட்டுக்கு மூட்டை சுமக்குறது உங்கப்பா. தட்ட உள்ள வை” என்றாள்.

அம்மா சொன்னதில் பொய் இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை டிரஸ்ஸர் வயிற்றை அமுக்குவார், கண் ரப்பையை இழுத்துப் பார்ப்பார், முதுகில் ஒரு தட்டுத் தட்டுவார். ஃபிட்டு என்று அவர் வாயிலிருந்து வந்தால் வேலை நிலைக்கும், வேலை நிலைத்தால் வீடு நிலைக்கும். வராவிட்டால் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு மலையிறங்க வேண்டியதுதான். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை வேறு எதைப் படிக்கும்? சுமக்கிறவன் ஃபிட்டு, முந்துகிறவன் அதைவிட ஃபிட்டு, மூச்சு வாங்குகிறவன் ஒன்றுக்கும் ஆகாதவன். இதுதான் அவள் படித்த படிப்பு.

படித்ததை அவள் வீணாக்கவில்லை. கொழுந்துக் கூடையோடு சரிவில் இறங்கினால் ஆட்டுக்குட்டி தோற்கும். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த மாப்பிள்ளை சாமிநாதன். நல்ல மனுஷன், குடி கிடையாது, கை நீட்டுவது கிடையாது. ஆனால் நடை இருக்கிறதே, அது தேர் நடை. நாலு எட்டு வைப்பான், நிற்பான், வந்த வழியைத் திரும்பிப் பார்ப்பான்.

“உன் வீட்டுக்காரரு மலை ஏறி முடிக்கிறதுக்குள்ள கொழுந்து முத்திப் போயிடும்லா” என்று பெண்கள் சீண்டுவார்கள். சசிரேகா சிரித்துக்கொண்டே முன்னால் போய்விடுவாள். முன்னால் போகிறவளுக்குப் பின்னால் வருகிறவன் முகம் தெரியுமா?

பிறகு தோட்டத்துக்குக் கொழுந்து வெட்டுகிற மெஷின் வந்தது. நீளமானது. செடி வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் கைப்பிடியைப் பிடித்து நடக்க வேண்டும். வெட்டிய கொழுந்து பின்னால் இழுபடும் நீளத் துணிப்பையில் போய் விழும். ஒரு முனையில் எஞ்சின். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் கங்காணி ஒரே மெஷினில் போட்டார். முதல் நாளே சாமிநாதன் எஞ்சின் பக்கம் போய் நின்றுகொண்டான். அவளும் ஏன் என்று கேட்கவில்லை.

எஞ்சின் இரைச்சலில் பேச முடியாது. அதனால் அவன் கைப்பிடியை மெல்ல ஒரு இழுப்பு இழுப்பான். மெதுவாகப் போ என்று அர்த்தம். அவளுக்கும் அர்த்தம் தெரியும். தெரிந்தும் இவள் பாட்டுக்கு முந்துவாள். ஒரு பக்கம் முந்தினால் வெட்டு கோணும். கங்காணி இடுப்பில் கைவைத்துக்கொண்டு, “மலைக்கு முடி வெட்டச் சொன்னா குடுமி வெச்சிருக்கீங்க ரெண்டு பேரும்” என்பார். வீட்டுக்கு வந்ததும் சண்டை.

“பெலான் பெலானா போனா என்ன புள்ள? மலை எங்கயும் ஓடிடாது.”

“உங்களுக்கு ஏலலைன்னா ஏலலைன்னு சொல்லுங்க. மலை மேல பழி போடாதீங்க.”

அவன் தோள்பட்டையைத் தேய்த்துக்கொண்டு தேத்தண்ணி குடிப்பான். அந்தத் தோளை அவள் ஒருநாளும் கேள்வி கேட்டதில்லை.

மகள் பூவிழி படித்துக் கோலாலம்பூருக்குப் போனாள். அங்கே கண்ணாடி அறைக்குள் காசு கட்டி ஓடுகிறாளாம். கைபேசியில் முகம் காட்டி, “அம்மா, நீங்களும் அப்பாவும் ஃபிட்டா இருக்கணும்” என்றாள். “ஓடி எங்கடி போய்ச் சேருற?” என்று சசிரேகா கேட்டாள். “எங்கயும் இல்லம்மா. நின்ன இடத்திலயேதான்.” அதைக் கேட்டுச் சாமிநாதன் சிரித்த சிரிப்பு அடுத்த வீட்டுக்குக் கேட்டது.

அவன் அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி. போன தீபாவளி முடிந்த கையோடு வாதம் வந்து வலது பக்கம் சாய்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்து, கையில் ஒரு தோங்காட் தடியையும் கொடுத்து, ஊன்றி ஊன்றி நடக்கப் பழகுங்கள் என்று அனுப்பினார்கள்.

சாமிநாதனுக்கு ஒரே ஓர் ஆசை. மலை உச்சியில், கடைசிச் செடி வரிசைக்கு மேலே, முனியாண்டி இருக்கிறார். ஆடிப் பூசைக்கு அங்கே முதல் விளக்கு ஏற்றுவது அவன்தான். இந்த ஆடிக்கும் ஏற வேண்டும். லோரியில் ஏற்றிக்கொண்டு போகிறோம் என்று தோட்டத்துப் பையன்கள் சொன்னார்கள். “உரமூட்டையா நான்? நடந்துதான் வருவேன்” என்றான்.

சசிரேகாவுக்கும் அதுதான் ஆசை. அவன் எழுந்து நடந்துவிட்டால் போதும், பழைய மனுஷன் திரும்பிவிடுவான் என்று நம்பினாள். தினமும் விடிகாலையில், பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு ஆள் கூடுவதற்கு முன்பே அவனைத் தார் ரோட்டுக்கு இழுத்து வந்தாள். இவள் முன்னால் போய் நின்று, “வாங்க, வாங்க, இன்னும் கொஞ்சம்” என்பாள். அவன் வருவதற்குள் இன்னும் நாலடி தள்ளிப் போய் நிற்பாள். ஒருநாள் அவன் ரோட்டுத் தண்ணீர் ஓடும் கானோரத்தில் உட்கார்ந்துவிட்டான்.

“போதும் ரேகா.”

“எந்திரிங்க. உக்காந்தா உக்காந்ததுதான்.”

“கல்யாணம் பண்ண நாள்லேர்ந்து உன் முதுகத்தான் பாத்துக்கிட்டு நடக்குறேன். இப்பவும் அதேதானா? நான் ஃபிட்டு இல்ல. டிரஸ்ஸர் சொல்லிட்டாருன்னு வெச்சுக்க.”

அன்றிலிருந்து அவன் வாசலுக்குக்கூட வரவில்லை. தோங்காட் கதவு மூலையில் சாய்ந்து கிடந்தது.

அவன் விழுந்த பிறகு சசிரேகாவுக்குப் புல் வெட்டுகிற வேலைதான். மெஷின் பிடிப்பது வங்காளதேசத்து ஆட்கள். ஒருநாள் அதில் ஒருவனுக்குக் காய்ச்சல். கங்காணி இவளைக் கூப்பிட்டு மெஷினில் போட்டார். மற்ற ஆள் லேசான பக்கத்தை முதலிலேயே பிடித்துக்கொண்டான். அவளுக்கு எஞ்சின் பக்கம்.

பாதி வரிசை போகவில்லை, தோள்பட்டை கழன்று விழுகிறாற்போல ஆனது. எஞ்சின் உதறலில் பல் கிட்டியது. அந்தப் பக்கத்து ஆள் கை வீசாத குறையாக முன்னால் போய்க்கொண்டிருந்தான். அவள் கைப்பிடியை ஒரு இழுப்பு இழுத்தாள். அவன் திரும்பவில்லை. இன்னொருமுறை இழுத்தாள்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. மலையில் இறங்கிய பனியில் அவள் அழுதது யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தால்தான் என்ன, அது அழ வேண்டிய அழுகை. இத்தனை வருஷம் அந்த மனுஷன் இந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு இவள் வேகத்துக்கும் நடந்திருக்கிறான். இவள் அவனைத் தேர் என்று சிரித்திருக்கிறாள். அந்தச் சின்ன இழுப்புக்காக அவள் கை ஏங்கியது. இனி யார் இழுப்பார்கள்?

வீட்டுக்கு வந்தவள் துணி காயப்போடும் மூங்கிலை உருவிக்கொண்டு உள்ளே போனாள்.

“எந்திரிங்க. மெஷின் புடிக்கணும்.”

“என்ன புள்ள, கிறுக்கா?”

“ஆமாம்லா. வாங்க.”

லயத்துக்குப் பின்னாலேயே செடி தொடங்குகிறது. வரிசைக்கு அந்தப் பக்கம் அவனை நிறுத்தி, மூங்கிலின் ஒரு முனையை அவன் கையில் கொடுத்தாள். இவள் இந்தப் பக்கம் வந்தாள். “எஞ்சின் என் பக்கம் இருக்கட்டும்” என்றாள்.

“எஞ்சின் எப்பவும் என் பக்கம்தான். பேசாம நட.”

தார் ரோட்டில் சொன்ன பேச்சுக் கேட்காத கால், செடியோரத்தில் கேட்டது. இடுப்புயரச் செடி ஒரு பக்கம் தாங்க, கையில் மூங்கில் இருக்க, அந்தக் கால் பழைய தடத்தை மோப்பம் பிடித்தாற்போல இழுத்து இழுத்து முன்னால் வந்தது. அவள் அவனைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். நெற்றியில் இத்தனை சுருக்கமா? கீழுதட்டைக் கடித்துக்கொண்டுதான் எப்போதும் நடப்பானா? பக்கத்தில் நடந்தவளுக்கு இப்போதுதான் கண் கிடைத்தது.

ஆடிப் பூசை நாள் வந்தது. ஏறினான் என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். மூங்கிலைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் வந்தார்கள். அது பாதி மலை. அங்கே மூங்கில் மெல்ல ஒரு இழுப்பு இழுபட்டது.

சசிரேகா நின்றாள்.

மேலே உடுக்கைச் சத்தம் கேட்டது. வேறு யாரோ விளக்கேற்றினார்கள். தனியாக விட்டிருந்தால் இன்றைக்கும் அவள் ஒரே மூச்சில் ஓடி ஏறிவிடுவாள், அந்தக் கால் அவளுக்கு இன்னும் இருக்கிறது. அவள் தொட்டித் திண்டில் அவனை உட்கார வைத்து, மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தாள். காலையில் அவித்த பிட்டு. சீனியும் தேங்காயும் போட்டது.

“டிரஸ்ஸர் சொல்லிட்டாரா?” என்று கேட்டான்.

“சொல்லிட்டாரு. தின்னுங்க.”

அவன் தின்றுகொண்டே உச்சியைப் பார்த்தான். பனி இறங்கி உச்சி மறைந்த பிறகும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். அவளும் பார்த்தாள். பிறகு மூங்கிலின் தன் முனையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, அவன் இழுப்பதற்காகக் காத்திருந்தாள்.